பேஸ் கிடார் எங்கே போச்சு?

"இளையராஜா பாட்டெல்லாம் மெலடி ஓகே ப்ரோ, ஆனா சவுண்டு சப்புன்னு இருக்கு." தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் வாரத்துக்கு ஒரு முறையாவது யாராவது யாரிடமாவது இந்தத் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்பவருக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். கேட்பவர் பத்துப் பதினைந்து வயது மூத்தவராக இருந்தால், உடனே "உனக்கெல்லாம் காதே இல்லடா" என்று ஆரம்பித்துவிடுவார். அதற்கப்புறம் அது தலைமுறைச் சண்டை. கிண்டி வருவதற்குள் இரண்டு பேரும் அலுத்துப்போய் ஃபோனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தச் சண்டையில் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. எதில் கேட்டாய்?

இலக்கியத்தில் இதைக் கூச்சமில்லாமல் கேட்போம். தஸ்தயேவ்ஸ்கி சலிப்பூட்டுகிறார் என்று ஒருவர் சொன்னால், அடுத்த நொடியே "யாரோட மொழிபெயர்ப்பு?" என்போம். பழைய நாவல் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தால் "எந்தப் பதிப்பு?" என்று விசாரிப்போம். பாட்டு விஷயத்தில் மட்டும், பதிவுக்கும் நம் காதுக்கும் நடுவில் எதுவுமே இல்லாத மாதிரி பேசிக்கொள்கிறோம். நடுவில் ஒரு சாதனம் இருக்கிறது. அதற்கென்று ஒரு ருசி இருக்கிறது. சிலதைத் தூக்கிச் சொல்லும், சிலதை முழுங்கும். நம்முடைய ரசனைத் தீர்ப்புகளில் எவ்வளவு பங்கு அந்தச் சாதனத்தின் தீர்ப்பு என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இசை விமர்சனம் எழுதுவது, கண்ணாடியின் பவரைச் சரிபார்க்காமல் ஓவியக் கண்காட்சிக்கு மதிப்புரை எழுதுவது போலத்தான்.

ஆகவே இது ஹெட்செட் வாங்குவதைப் பற்றிய கட்டுரை. (ஹெட்ஃபோன், இயர்ஃபோன், பட்ஸ் என்று ஆயிரம் வகை இருந்தாலும் நம் ஊரில் எல்லாமே ஹெட்செட்தான். நானும் அப்படியே சொல்கிறேன்.) எது பெஸ்ட் என்று பட்டியல் போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அதற்கு யூடியூபில் ஆட்கள் இருக்கிறார்கள், மாதா மாதம் பட்டியலை மாற்றுகிறார்கள். நான் கேட்க நினைப்பது வேறு. செம்பாக்கத்திலிருந்து கிளம்பி ஊருக்குள் வேலைக்கோ காலேஜுக்கோ போகிற ஒருவர், வழியில் தமிழ்ப் பாட்டு கேட்க நினைத்தால், அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார், எதை இழக்கிறார்?

*

முதலில் அந்தப் பாடல்கள் எங்கே ஒலிப்பதற்காகச் செய்யப்பட்டன என்று பார்க்க வேண்டும்.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது, ஒரு சினிமாப் பாட்டைக் கேட்கத் தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு இருந்த வழிகள் தியேட்டர், வானொலி, டீக்கடை, கல்யாண வீட்டு மைக் செட். நாலுமே பொது இடம் அல்லது பொது இடம் மாதிரியான வீட்டுக் கூடம். மத்திய அலை வானொலியில் ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் வராது. இளம் காது இருபது கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், வானொலி எவ்வளவு பெரிய துண்டை வெட்டி எறிந்தது என்று புரியும். பந்தலில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் எதிர்ப்பக்கத்தை வெட்டும். அதில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அனேகமாக எதுவும் வெளியே வராது.

பேஸ் கிடாரின் நான்கு தந்திகளைச் சும்மா மீட்டினால் வரும் சுரங்கள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். அதாவது திருவிழாவில் ராஜா பாட்டு கேட்ட ஒரு தலைமுறைக்கு அந்தப் பேஸ் கிடாரின் அடி அதிர்வு காதுக்கு வந்து சேரவே இல்லை. மேல்சுரங்கள் மட்டும் வந்தன. மூளை அவற்றை வைத்துக்கொண்டு கீழே இன்னொன்று இருப்பதாக ஊகித்துக்கொண்டது. இது கவித்துவத்துக்காகச் சொல்வது இல்லை. மனிதக் காது நிஜமாகவே இப்படித்தான் வேலை செய்கிறது. சின்ன ரேடியோவில்கூட ஆண் குரல் ஆண் குரலாகக் கேட்பது இதனால்தான்.

இதில் எனக்குத் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. பெரும்பாலானவர்களுக்குக் கேட்காது என்று தெரிந்தே இளையராஜா பேஸ் கிடாருக்கு அவ்வளவு எழுதினார். 'ஜானி' (1980), 'பன்னீர் புஷ்பங்கள்' (1981), 'மௌன ராகம்' (1986) படப் பாடல்களில் பேஸ் கிடாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். தாளத்துக்கு 'தும் தும்' என்று முட்டுக் கொடுக்கிற வேலையோடு அது நிற்பதில்லை. பாடகர் மூச்சு விடும் இடத்தில் நுழைகிறது, குரல் ஏறும்போது இறங்குகிறது, சில இடங்களில் பாட்டுக்குள் இன்னொரு பாட்டாகவே ஓடுகிறது. அவருடைய பேஸ் கிடார் கலைஞர் சசிதரனின் பெயரைக் கேசட் அட்டை பார்த்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? 1978-இல் 'ப்ரியா' ஸ்டீரியோவில் வந்ததும், அதற்குப் பின் எக்கோ நிறுவனத்தின் இசைத்தட்டுகளும் இதைக் கேட்க ஒரு வாசலைத் திறந்தன. ஆனால் அந்த வாசலுக்கு ஸ்டீரியோ செட் வைத்திருக்கும் வீடு வேண்டும்.

ஆக, "நாங்க அந்தக் காலத்துல கேட்டதுதாண்டா அசல்" என்று அதட்டும் அண்ணனும் கொஞ்சம் அடங்கத்தான் வேண்டும். அவர் கேட்டது முக்கால் பாட்டு. மிச்சக் காலை முதல்முறையாகப் பெரும்பான்மையினருக்குக் கொண்டுவந்து சேர்த்தது காதில் மாட்டும் சாதனம்தான். அப்படியிருக்க, அதே சாதனத்தை மாட்டியிருக்கும் தம்பிக்கு ஏன் 'சப்'பென்று இருக்கிறது?

*

பதில் வேளச்சேரி–தாம்பரம் சாலையில் இருக்கிறது.

செம்பாக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்த்துவிட்டார்கள், ஆனாலும் ரயிலைப் பிடிக்க ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு எல்லாம் தாண்டிக் கிழக்குத் தாம்பரம் போக வேண்டும். பஸ், ஷேர் ஆட்டோ, சிக்னல், ஹாரன். நடுநடுவே விமானப்படை நிலையத்து விமானம் ஒன்று தலைக்கு மேல். இதில் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். சிக்னலில் நிற்கும்போது நிமிஷத்துக்கு 600 சுற்று என்றால், நொடிக்கு 30 வெடிப்பு, அதாவது 30 ஹெர்ட்ஸ். கியர் மாற்றி 1800 சுற்றுக்கு ஏறினால் 90 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன பேஸ் கிடார் எண்களை இன்னொரு தடவை பாருங்கள். 41, 55, 73, 98. கேம்ப் ரோடு சிக்னலிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பஸ்ஸும் சசிதரனின் நான்கு தந்திகளின் மீதும் ஏறி இறங்கிப் போகிறது. ஒரே அலைவரிசையில் பெரிய சத்தமும் சின்னச் சத்தமும் இருந்தால் சின்னது மறைந்துவிடும். பெரிய சத்தம் கீழ்ச்சுரமாக இருந்தால் தனக்கு மேலே உள்ளவற்றையும் கொஞ்சம் சேர்த்து மூடும். பேஸ் கிடார் எங்கே போச்சு என்றால், பஸ் சாப்பிட்டுவிட்டது.

இங்கேதான் 'பேஸ் பூஸ்ட்' என்கிற சந்தை வருகிறது. இந்திய நிறுவனமான போட் ஒரு ஹெட்செட் வரிசைக்கே 'பேஸ்ஹெட்ஸ்' என்று பெயர் வைத்தது. ஜேபிஎல் 'ப்யூர் பேஸ்' என்றது, சோனி 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்றது. இதைப் பார்த்து ஆடியோ ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், "இந்தியனுக்கு ருசியே இல்ல, எல்லாம் தும் தும்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பஸ் எதைத் தின்கிறதோ அதைக் கூடுதலாகப் போட்டுக் கொடுப்பது முட்டாள்தனம் ஆகாது. ஊறுகாய் எப்படித் தயிர்சாதத்துக்கு அவசியமோ அப்படி, இந்தச் சாலைக்கு அந்த ஹெட்செட் ஒரு நியாயமான எதிர்வினை. பேஸ் ஆசை நம் மரபணுவில் வந்தது கிடையாது, நம் போக்குவரத்தில் வந்தது.

சிக்கல் எங்கே என்றால், பஸ்ஸுக்காகப் போட்ட திருத்தத்தை வீட்டுக்கும் எடுத்து வருகிறோம். ராத்திரி பதினொரு மணிக்கு, ஃபேன் சத்தம் தவிர வேறெதுவும் இல்லாத அறையில், அதே ஹெட்செட்டில் கேட்கிறோம். இப்போது என்ஜின் இல்லை, திருத்தம் மட்டும் இருக்கிறது. 60-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை தூக்கி வைத்திருக்கும் ஒரு கருவியில் பேஸ் கிடார் ஓடினால், அந்தப் பகுதியில் விழும் சுரங்கள் மட்டும் வீங்கும், மற்றவை சாதாரணமாக இருக்கும். ஒரு வாக்கியத்தில் நாலு சொல்லை மட்டும் கத்திச் சொல்வது மாதிரி. மெட்டின் வடிவமே போய்விடுகிறது. சப்-பேஸை மனதில் வைத்து, கணினியில் நேர்த்தியாகச் செதுக்கிக் கலக்கப்பட்ட இன்றைய பாட்டு இந்த வீக்கத்தைத் தாங்கும், சில சமயம் அதில் இன்னும் ஜொலிக்கும். 1981-இல் அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவானது தாங்காது. வயலின்கள் பின்னுக்குப் போய், நடுவில் ஒரு கொழகொழப்பு உட்கார்ந்துகொள்ளும். "சவுண்டு சப்புன்னு இருக்கு."

இதோடு இன்னொரு அநியாயமும் சேர்கிறது. பழைய பதிவுகளில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இடைவெளி அதிகம். புதிய பாட்டுகளில் எல்லாவற்றையும் அழுத்தி ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். ஸ்பாட்டிஃபை மாதிரியான தளங்கள் பாடல்களின் சத்த அளவை ஓரளவு சமப்படுத்தித் தருகின்றன. யூடியூப் உரத்ததைக் குறைக்கும், மெல்லியதை ஏற்றாது. அனிருத் பாட்டுக்கு அடுத்து அதே வால்யூமில் 'ஜானி' பாட்டு வந்தால் அது மெலிந்துதான் கேட்கும். மெலிந்து கேட்டால் பேஸும் ட்ரெபிளும் முதலில் காணாமல் போகும். சத்தம் குறையக் குறைய மனிதக் காது இரண்டு ஓரங்களையும் இழக்கிறது என்பதை ஃப்ளெட்ச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல், கேசட்டிலிருந்து யாரோ ஏற்றிய கோப்பை இன்னொருவர் 'ரீமாஸ்டர்', 'பேஸ் பூஸ்டட்', '8டி ஆடியோ' என்று பெயர் மாற்றி ஏற்றியிருப்பார். இத்தனை கை மாறி வந்ததைக் கேட்டுவிட்டு இளையராஜாவுக்கு ஒலியமைப்பு தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

*

சரி, என்னதான் வாங்குவது? சத்தத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்று முடிவெடுத்துவிட்டால் முக்கால்வாசித் தேர்வு முடிந்துவிடும். வெளிச்சத்தத்தை வெல்ல வால்யூமை ஏற்றலாம், பேஸைத் தூக்கலாம், அல்லது சத்தத்தை உள்ளே விடாமல் தடுக்கலாம். முதல் இரண்டும் காதுக்குக் கேடு.

கேடு என்றால் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. பஸ்ஸுக்குள் இருக்கும் சத்தமே 80-ஐத் தொட்டால் அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமே, 90 வைக்கத்தானே தோன்றும்? 90 என்றால் வாரத்துக்கு நாலு மணி நேரம். செம்பாக்கத்திலிருந்து நகரத்துக்குள் போய் வருபவருக்கு அந்தக் கோட்டா செவ்வாய்க்கிழமையோடு தீர்ந்துவிடும். போன காது திரும்பி வராது என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

தடுப்பதில் இரண்டு வழி. காதுத் துளைக்குள் போகும் ரப்பர் முனை சரியாகப் பொருந்தினால் ஹாரன், பேச்சு போன்ற மேல்சுரங்களை நன்றாக அடைக்கும். என்ஜின் உறுமலை ஓரளவுதான். நாய்ஸ் கேன்சலிங் அதற்கு நேர் எதிர். வெளிச் சத்தத்தை மைக் கேட்டு, அதற்கு எதிரலையை உள்ளே அனுப்பிக் கரைப்பது. சீராக உறுமும் கீழ்ச்சத்தத்துக்கு அது பிரமாதம், ஹாரனுக்கு உதவாது. இதன் மூலக்கதையில் நம் துணைக்கண்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒருவரின் மகன் அமர் போஸ், 1978-இல் ஒரு விமானப் பயணத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் என்ஜின் இரைச்சலுக்கு நடுவே பாட்டு கேட்க முடியாமல், அந்த விமானத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார் என்பார்கள். விமானத்துக்குச் செய்தது பஸ்ஸுக்கும் பொருந்துகிறது. பஸ்ஸில் போகிறவர் ரப்பர் முனையும் கேன்சலிங்கும் சேர்ந்த பட்ஸ் வாங்கினால் அதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. வால்யூமைப் பாதியில் வைத்துக் கேட்க முடிகிறது என்பதே அதன் விலை. விளம்பரத்தில் எத்தனை டெசிபல் என்று போட்டிருப்பதை நம்புவதைவிட, முனையை ஒரு அளவு பெரிதாகவும் சிறிதாகவும் மாற்றிப் பார்ப்பது பலன் தரும். முனை பொருந்தாவிட்டால் பேஸ் வெளியே கசிந்துவிடும். "பேஸே இல்ல" என்று திட்டு வாங்கும் பல நல்ல ஹெட்செட்களின் பிரச்சினை முனையின் அளவு மட்டும்தான்.

ரயிலுக்கும் நடைக்கும் என் விருப்பம் வேறு. காதை மூடாமல் மேலே பஞ்சு வைத்து உட்காரும் வகை. 1984-இல் வந்த காஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ இதற்கு நல்ல உதாரணம். நாற்பது வருஷமாகப் பெரிய மாற்றமில்லாமல் விற்கிறது, பார்க்க எண்பதுகளின் பொம்மை மாதிரி இருக்கும். அதிலும் பேஸ் கொஞ்சம் தூக்கல்தான், மறைக்கவில்லை. ஆனால் குரல் காதுக்குள் குத்தாமல் கொஞ்சம் வெளியே நிற்கிறது, அதைச் சுற்றிக் காற்று இருக்கிறது. பஸ்ஸில் இது சுத்தமாக வேஸ்ட். செம்பாக்கம் ஏரிப் பக்கம் காலையில் நடக்கும்போது பாட்டும் கேட்கும், நாமக்கோழியும் கேட்கும், பின்னால் வரும் பைக்கும் கேட்கும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஹெட்செட் மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தவர்கள் அடிபட்ட செய்தி இந்தத் தாம்பரம் மார்க்கத்தில் எத்தனையோ முறை வந்துவிட்டது. காதை முழுக்க அடைக்கும் எதையும் உட்கார்ந்த இடத்தில் மட்டும் மாட்டுங்கள். பைக் ஓட்டும்போது எதுவுமே வேண்டாம்.

கழுத்துப்பட்டை வகையைப் பற்றி ஒரு வரி. தொலையாது, சார்ஜ் நிற்கும், டெலிவரி வேலையில் இருப்பவர்கள் பலர் ஏன் அதை மாட்டுகிறார்கள் என்பது பார்த்தாலே தெரியும். பாட்டுக்காக மட்டும் அதை நான் வாங்க மாட்டேன்.

*

இந்தச் சாதனத்தின் பிறப்பிலேயே ஒரு குழப்பம் இருந்தது. 1979 ஜூலையில் சோனி முதல் வாக்மேனை விற்பனைக்கு விட்டபோது அதில் இரண்டு ஹெட்ஃபோன் துளைகள் இருந்தன. தனியாகக் காதில் மாட்டிக்கொள்வது பக்கத்தில் இருப்பவரை அவமதிப்பதாகாதா என்று நிறுவனத்தின் தலைவர் அகியோ மொரிட்டாவுக்குச் சந்தேகம். வீட்டில் மனைவி முகம் சுளித்தாராம். அதனால் ஜோடியாகக் கேட்க இரண்டு துளை, கூடவே ஒரு ஆரஞ்சு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டு அடங்கி, இருவரும் மைக் வழியே பேசிக்கொள்ளலாம். ஜனங்கள் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. தனியாகவே கேட்டார்கள். 1981-இல் வந்த அடுத்த மாடலில் அந்தப் பொத்தான் இல்லை.

நம் ஊரில் அந்த இரண்டு துளை வேலையை வேறு விதமாகச் செய்தோம். ஒரு ஒயர் ஹெட்செட், ஆளுக்கு ஒரு காது. காலேஜ் பஸ்ஸில் இதைவிட நெருக்கமான விஷயம் அப்போது கிடையாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆரம்பகால ஸ்டீரியோ பதிவுகளில் வாத்தியங்களை இடம் வலமாகத் தாராளமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். இடது காதை வைத்திருந்தவருக்கு வயலின், வலது காதை வைத்திருந்தவருக்குக் கிடார். ஒரே பாட்டைக் கேட்டோம் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "அந்த வயலின் பிட் செமல்ல?" என்று ஒருவர் கேட்டால் மற்றவர் எந்த பிட் என்று விழித்திருக்கலாம். காதலில் இதெல்லாம் சகஜம்.

இன்றைக்கும் ஒரு காதில் மட்டும் பட்ஸ் மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஒரு உபயோகமான தகவல். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் அக்சஸிபிலிட்டி அமைப்புகளுக்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கத்து ஒலியும் ஒரு காதிலேயே சேர்ந்து வரும். அதைப் போடாமல் ஒரு காதில் கேட்டுவிட்டு ஒரு பாட்டின் இசைக்கோர்ப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லக்கூடாது.

அறுபதுகளின் பாட்டுகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவை பிறப்பிலேயே மோனோ. ஆனால் அவற்றுக்கு வேறு கஷ்டம். 'திருவிளையாடல்' (1965) பாடல்களை ரப்பர் முனை ஹெட்செட்டில் கேட்டால் பாடுபவர் சரியாக உங்கள் இரண்டு காதுக்கும் நடுவில், மண்டைக்குள் உட்கார்ந்து பாடுவார். தியேட்டர் கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் போக வேண்டிய குரல் அது. நாதஸ்வரத்தின் நிலை இன்னும் பரிதாபம். கோவில் பிராகாரத்தில், திறந்த வெளியில், ஐம்பதடி தள்ளி நின்று கேட்க உருவான வாத்தியம். மனிதக் காதுத் துளைக்கு மூன்று கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் இயல்பாகவே ஒரு முழக்கம் உண்டு, நாதஸ்வரத்தின் கூர்மையும் அந்தப் பக்கம் வலுவாக இருக்கும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததை மலிவான இன்-இயரில் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு "நாதஸ்வரம்னா தலைவலிப்பா" என்று சொன்னால் குற்றவாளி வாத்தியம் இல்லை. அதற்குத் தூரம் வேண்டும். மூடாத பஞ்சு ஹெட்செட் அந்தத் தூரத்தில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது. நல்ல ஸ்பீக்கர் இன்னும் தரும். எல்லா இசையும் காதுக்குள் வரச் சம்மதித்து உருவானது இல்லை.

*

கடையில் போட்டுப் பார்க்க என்ன பாட்டு எடுத்துப்போவது? ஹெட்ஃபோன் ஆராய்ச்சியில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ் குழு செய்த சோதனைகள் பிரசித்தம். ஜனங்களுக்கு எந்த ஒலி பிடிக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஒரு வளைகோடு வரைந்தார்கள். இன்று இணையத்தில் எல்லா விமர்சகரும் அந்தக் கோட்டை வைத்துத்தான் மார்க் போடுகிறார்கள். அந்தச் சோதனைகளில் திரும்பத் திரும்ப ஒலித்த பாட்டுகளில் ஒன்று ட்ரேசி சாப்மன் பாடியது. நல்ல பாட்டுதான். தவில் அதில் எங்கே வருகிறது? நமக்கு நம் பாட்டியல் வேண்டும்.

என் பட்டியல் சின்னது. முதலில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986). தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கை ஆக்கப்பட்டது, வி.எஸ். நரசிம்மனின் வயலின். பல வயலின் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஓடும் இடத்தில் ஏதாவது ஒரு வரியை மட்டும் உங்களால் கடைசி வரை பின்தொடர முடிகிறதா? முடியவில்லை, எல்லாம் சேர்ந்து ஒரு பசையாகக் கேட்கிறது என்றால், அந்த ஹெட்செட்டைக் கீழே வைத்துவிடுங்கள். அடுத்து 'ரோஜா' (1992). ரஹ்மானின் கோடம்பாக்கம் பஞ்சதனில் உருவானது. ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் 2008-இல் இறக்கும்வரை ரஹ்மானின் ஒலிக்கு ஒரு முகம் கொடுத்தவர். நான்கு முறை தேசிய விருது வாங்கியும், பாடகர் பெயர் தெரிந்த அளவில் நூறில் ஒரு பங்குகூட அவர் பெயர் நமக்குத் தெரியாது. 'ரோஜா'வில் பேஸ் ஆழமாக இருக்கும், ஆனால் குரலின் மேல் ஏறாது. உங்கள் கையில் இருக்கும் சாதனத்தில் ஏறினால், அது சாதனத்தின் வேலை. மூன்றாவது, நீங்கள் தினமும் கேட்கும் ஏதாவது ஒரு கானா. 'அட்டகத்தி' (2012) பாடல்களும் ஆகும். அடி நெஞ்சில் இறங்க வேண்டும், ஆனால் அடிகளுக்கு நடுவில் மௌனமும் கேட்க வேண்டும். நாலாவது, வாத்தியம் எதுவும் இல்லாத யாரோ ஒருவரின் பேச்சு, ஒரு பாட்காஸ்ட். தெரிந்த குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலிருந்தால் ஒரு பாட்டும் சரியாக வராது.

ஃபோனில் இருக்கும் ஈக்வலைசர், அந்த பிராண்டின் செயலியில் இருக்கும் பூஸ்ட், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரண்டு சாதனங்களை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும், கடைக்காரருக்கும் இது தெரியும். மின்சார ரயிலின் அந்தக் கடைசியில் பர்மா பஜார் இருக்கிறது, நடுவில் இறங்கினால் ரிச்சி தெரு. போட்டுப் பார்க்க விடுவார்களா என்பது அன்றைய கூட்டத்தையும் உங்கள் வாய்த் திறமையையும் பொறுத்தது. ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள் பஸ்ஸில் ஒரு முறை, ராத்திரி அறையில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே சாதனம் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கையில் காசு கம்மி என்றால் என் யோசனை, ப்ளூடூத்தை மறந்துவிட்டு ஒயர் வைத்த சீன இன்-இயர் ஒன்று. கேஇசட், மூன்ட்ராப் மாதிரி. ஆயிரம், இரண்டாயிரத்துக்குள்ளேயே, அதே விலை ப்ளூடூத் பட்ஸில் கிடைக்காத தெளிவு கிடைக்கிறது. காரணம் எளிது, பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் சார்ஜ் டப்பாவுக்கும் போக வேண்டிய காசு முழுக்க ஒலிக்கே போகிறது. 2016-இல் ஆப்பிள் 3.5 மில்லிமீட்டர் துளையை எடுத்தது முதல் ஒவ்வொரு கம்பெனியாக எடுத்துவிட்டார்கள், உங்கள் ஃபோனிலும் அனேகமாக இருக்காது. டைப்-சி மாற்றி ஒன்றைச் சேர்த்தே வாங்குங்கள். இரண்டாக வாங்கினால் இன்னும் நல்லது, ஒன்று எப்படியும் ரயிலில் விழும்.